மண், நீர், செடி, கடலோரம்: மாணவர் ஆய்வுத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேல்வகுப்பு, இளநிலை, முதுநிலை என எந்தப் படியில் இருந்தாலும் சரி, மண்ணையோ நீரையோ செடியையோ கடலோரத்தையோ எடுத்துக்கொண்டு சிறிதாக ஓர் ஆய்வு செய்யக் கிளம்பும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வழிகாட்டும் ஆசிரியர்களும் சிலவற்றைக் கேட்பதுண்டு. எல்லாப் பதிலும் ஒரே நீளத்தில் இருக்காது. பலரும் தடுக்கி விழும் இடங்களில் கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

"சுற்றுச்சூழல் பிடிக்கும்" என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. தலைப்பை எப்படிப் பிடிப்பது?

தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கேள்வியைப் பிடியுங்கள். "குளத்து நீரின் தரம்: ஓர் ஆய்வு" என்று எழுதிவிட்டால் எதை அளப்பது, எத்தனை மணிக்கு அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்று ஒன்றும் விளங்காது. கையில் கிடைத்த எல்லாக் கருவியையும் நீரில் முக்கி எடுத்து, எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையோடு கரையேறுவீர்கள். அந்த எண்களுக்கு எந்தக் கேள்வியும் இருக்காது. அதே குளத்தில், "மிதவைச் செடிகள் மூடிய பகுதியிலும் திறந்த பகுதியிலும் விடியற்காலையில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு வேறுபடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இடம், நேரம், அளவு, ஒப்பீடு நான்கும் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டன.

கேள்வி தேறுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மாதிரிகூட எடுக்காத நிலையிலேயே, கடைசியில் வரப்போகும் வரைபடத்தைப் பென்சிலால் வரையுங்கள். கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, எத்தனை பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்குள்ளும் எத்தனை அளவுகள். வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை. வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது இந்தத் தாளைக் கொண்டு போங்கள். பத்துப் பக்க முன்மொழிவைவிடப் பேச்சு வேகமாக நகரும்.

ஏற்கெனவே யாரோ செய்ததையே மறுபடி செய்யலாமா?

தாராளமாக. வேறு மண்ணில், வேறு பருவத்தில் செய்தால் அதுவே புதிய தகவல். பழைய ஆய்வின் செய்முறையை அப்படியே பின்பற்றுங்கள். முறையையும் மாற்றி இடத்தையும் மாற்றினால் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

பெரிய ஆய்வகம் இல்லை. இருந்தும் செய்யக்கூடிய ஆய்வுகள் உண்டா?

நிறைய உண்டு. அவற்றில் சில பெரிய கருவிகளோடு செய்ததைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் செலவில்லாத அளவை நிறைய முறை எடுக்கலாம்.

மண்ணில் எனக்கு மிகவும் பிடித்தது தேநீர்ப் பை முறை. பச்சைத் தேயிலைப் பையையும் ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்ப் பையையும் எடைபோட்டு, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்துத் தோண்டி, காயவைத்து மறுபடி எடைபோடுவது. பச்சைத் தேயிலை சீக்கிரம் மட்கும், ரூய்போஸ் மெதுவாக மட்கும். இரண்டின் எடை இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மண்ணில் மட்கல் எவ்வளவு வேகம், எவ்வளவு மிச்சம் தங்கும் என்று கணக்கிடலாம். உலகெங்கும் ஒரே முறையில் செய்திருப்பதால் உங்கள் எண்ணை ஒப்பிடவும் ஆள் இருக்கிறது.

பருமன் அடர்த்திக்கு, அதாவது ஒரு கன அளவில் எவ்வளவு உலர்ந்த மண் அடங்கியிருக்கிறது என்று பார்க்க, ஓர் இரும்பு வளையம், ஓவன், தராசு போதும். 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வளையத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 98 கன சென்டிமீட்டர். அதில் வந்த மண்ணை 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி 127 கிராம் வந்தால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.30 கிராம். ஒற்றையடிப் பாதையிலும் அதற்கு இரண்டடி தள்ளியும் இதை அளந்தாலே ஓர் ஆய்வு.

நீரில், தெளிவை அளக்கச் செக்கி தட்டு. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். இன்றும் அதே முறைதான். ஏரிகளில் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் கறுப்பும் வெள்ளையும் கால்வட்டங்களாகத் தீட்டிய தட்டு புழக்கத்தில் இருக்கிறது. மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரியை எழுதுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படகின் நிழல் விழும் பக்கத்திலிருந்து, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

பொறுமைசாலிகளுக்கு மண்புழு. 1842இல் டார்வின் ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துகள்களைப் பரப்பினார். 29 ஆண்டு கழித்து 1871இல் அங்கே குழி வெட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளை அடுக்கு 7 அங்குலம் கீழே போயிருந்தது. புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டிக்கொண்டே இருந்ததன் விளைவு அது. உங்களுக்கு அவ்வளவு காலம் கிடையாது என்பது தெரியும். ஒரு சதுர மீட்டரில் வாரந்தோறும் புழு எச்சத்தைச் சேகரித்து உலர்த்தி எடைபோட்டாலே ஒரு பருவத்துக்குள் முடிவு வரும்.

எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

"முப்பது" என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். எண்ணிக்கையை விட, அந்த முப்பதும் ஒன்றையொன்று சாராதவையா என்பதே முக்கியம். உதாரணத்துக்கு, இயற்கை உரம் போட்ட ஒரு வயலும் ரசாயன உரம் போட்ட ஒரு வயலும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 இடத்தில் மண் எடுக்கிறீர்கள். மொத்தம் 30. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனை செய்தால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று வரவும் வரும். ஆனால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டே இரண்டு வயல்களை. ஒன்று பள்ளத்தில் இருக்கலாம், இன்னொன்றில் பத்து வருடம் முன்பு வேறு பயிர் இருந்திருக்கலாம். உரத்தைப் பொறுத்தவரை உங்கள் மறுபிரதி (ஒன்றையொன்று சாராமல் அதே உரம் பெற்ற அலகு, இங்கே வயல்) எண்ணிக்கை பக்கத்துக்கு ஒன்றுதான். ஒரு வயலுக்குள் எடுத்த 15 மாதிரியும் அந்த வயலை நன்றாகத் தெரிந்துகொள்ள உதவும். உரத்தைப் பற்றிப் பேச உதவாது.

இதற்குப் போலி மறுபிரதி என்று பெயர். 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 176 கள ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார். 27 சதவீதத்தில் இந்தப் பிழை. புள்ளியியல் சோதனை செய்திருந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் 48 சதவீதம். அத்தனையும் அச்சேறிய ஆய்வுகள். அதனால் மாணவர் அறிக்கையில் இது வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை தொடங்குமுன் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம், முடிந்த பிறகு முடியாது, அவ்வளவுதான்.

தீர்வு எளிது. வயலுக்கு 15 மாதிரி எடுக்கும் உழைப்பை, வகைக்கு ஐந்தாறு வயல் என்று பரப்புங்கள். ஒவ்வொரு வயலிலும் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக்கினால் ஆய்வகச் செலவும் குறையும். வயல்கள் கிடைக்கவே இல்லை என்றால் "இந்த இரண்டு வயல்களின் ஒப்பீடு" என்று நேர்மையாகத் தலைப்பிட்டு, அதற்கு மேல் முடிவு சொல்லாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மறுபிரதி இல்லாத ஆய்வு எதற்கும் உதவாதா? அப்படியும் சொல்ல முடியாது. ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், மக்கா விரிகுடாவில், சுமார் 8 மீட்டர் நீளப் பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றிக்கொண்டே வந்தார். பக்கத்துத் துண்டைத் தொடாமல் விட்டார். நட்சத்திர மீன் இல்லாத இடத்தில் சிப்பிகள் பாறையை அடைத்துக்கொள்ள, 15ஆக இருந்த இனங்கள் 8ஆகக் குறைந்தன. 1966இல் வந்த அந்தக் கட்டுரை சூழலியலின் போக்கையே மாற்றியது. அதில் இருந்தது ஒரு சோதனைத் துண்டும் ஓர் ஒப்பீட்டுத் துண்டும்தான். ஆனால் அவர் செய்தது வெறும் கவனிப்பு அல்ல, தானே ஓர் உயிரினத்தை நீக்கிப் பார்த்தார். விளைவும் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிது. உங்கள் இரண்டு வயல்களுக்கு இடையே அங்ககக் கரிமம் (மண்ணின் மட்குப் பொருளில் உள்ள கரிமம்) 0.2 சதவீதம் கூடுதல் என்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

மாதிரி எடுக்கும் இடத்தை நானே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

கண்ணுக்கு "நல்ல இடம்" என்று தோன்றுவது எப்போதும் ஒரே பக்கம் சாயும். காலடி வைக்க வசதியான இடம், செடி அடர்த்தியாக இருக்கும் இடம், நிழல் உள்ள இடம். அதனால் குவாட்ரட் சட்டத்தை (எண்ண வேண்டிய பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டம்) கண்ணை மூடித் தூக்கி எறிவதும் போதாது. எறிகிற கைக்கும் சாய்வு உண்டு. அளவு நாடாவை இரண்டு பக்கம் விரித்து, கைப்பேசியில் சீரற்ற எண்களை எடுத்து, அந்தக் குறுக்குப் புள்ளியில் சட்டத்தை வையுங்கள். விழுந்த இடம் வெறும் மண்ணாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள். பூஜ்யமும் ஓர் அளவுதான்.

கடலோரத்தில் நிலைமை வேறு. அங்கே நீர்க்கோட்டிலிருந்து உள்நோக்கிப் போகப் போக உப்பும் ஈரமும் மாறிக்கொண்டே வரும். ஆகவே கரைக்குச் செங்குத்தாகக் கோடு போட்டு, சம இடைவெளியில் அளப்பது வழக்கம். ஒரு கோடு போதாது. பல கோடுகள் வேண்டும், ஏனென்றால் இங்கே மறுபிரதி என்பது கோடு. கோட்டின் மேல் உள்ள புள்ளி அல்ல. கடற்புல் கண்காணிப்பில் 50 மீட்டர் நீளக் கோடுகள் மூன்று போட்டு, 5 மீட்டருக்கு ஒன்றாக 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் வைக்கும் முறை பரவலாக இருக்கிறது. அதாவது 33 சட்டம். ஒரு தாழ் ஓதத்துக்குள் இரண்டு மூன்று பேர் முடித்துவிடலாம்.

மண்ணை உலர்த்திவிட்டுப் பரிசோதிப்பதா, ஈரத்தோடா?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மணல், வண்டல், களி விகிதம், அங்ககக் கரிமம் போன்றவற்றுக்கு நிழலில் உலர்த்தி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண் வேண்டும். நைட்ரேட், அம்மோனியம், நுண்ணுயிர்ச் சுவாசம் என்றால் ஈரத்தோடு குளிர்பெட்டியில் வைத்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். அறை வெப்பத்தில் இரண்டு நாள் கிடந்த ஈரப் பையில் நுண்ணுயிர்கள் சும்மா இருக்காது. நீங்கள் அளப்பது வயலின் நைட்ரேட்டை அல்ல, பையின் நைட்ரேட்டை.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் இது இன்னும் சிக்கல். அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் கடல்நீரின் சல்பேட்டும் இரும்பும் சேர்ந்து பைரைட் என்ற இரும்பு சல்பைடாகப் படிந்திருக்கும். சேறு கறுப்பாக இருப்பதற்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதற்கும் இந்தச் சல்பைடு வேதியியல்தான் காரணம். சேற்றைக் களத்தில் ஈரமாகவே அளந்தால் பிஎச் 7ஐ ஒட்டி நிற்கும். அதே சேற்றைத் தட்டில் பரப்பிச் சில வாரம் காயவிட்டு அளந்தால் 4க்கும் கீழே இறங்கக்கூடும். காற்று பட்டதும் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிறது. காய்ந்த கட்டிகளின் மேல் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பூத்திருப்பதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். "இந்த அலையாத்தி மண் கடும் அமிலத்தன்மை கொண்டது" என்று எழுதினால் அது தவறு, அந்த அமிலம் உங்கள் தட்டில் உருவானது. மாறாக, ஈரமாகவும் காய்ந்த பிறகும் இரண்டு தடவையும் அளந்து, எவ்வளவு இறங்குகிறது என்று காட்டினால், கடலோரச் சதுப்பை வடித்துக் குளமாகவோ வயலாகவோ மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கான நேரடியான ஆய்வு அது.

பிஎச் மீட்டர் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறதே?

முதலில், பிஎச் முன்பே தெரிந்த தாங்கல் கரைசல் இரண்டில் அன்றன்றைக்குத் திருத்திக்கொண்டீர்களா என்று பாருங்கள். அப்புறம் மண்ணுக்கும் நீருக்குமான விகிதம். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டரை, ஒன்றுக்கு ஐந்து என்று முறைக்கு முறை மாறும். விகிதம் மாறினால் எண்ணும் மாறும். நீருக்குப் பதில் நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்தால் பொதுவாக அரையிலிருந்து ஒரு அலகு குறைவாக வரும். எந்த முறையாக இருந்தாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொண்டு அறிக்கையில் எழுதுங்கள். காற்றில் திறந்திருந்த காய்ச்சி வடித்த நீர் 7 காட்டாமல் 5.6ஐ ஒட்டிக் காட்டினால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் அப்படித்தான் இருக்கும்.

மின்கடத்துதிறனிலும் இதே பொறி. உப்பு மண் என்பதற்கு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்ற எல்லையைப் பாடப்புத்தகங்களில் பார்ப்பீர்கள். அது நிறைசெறிவுப் பசையிலிருந்து, அதாவது நீர் ஊற்றிப் பசையாகும் வரை நனைத்த மண்ணிலிருந்து, இழுத்த நீருக்கான எல்லை. நீங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்துவிட்டு அந்த எல்லையோடு ஒப்பிட்டால், கடும் உப்பு மண்கூட நல்ல மண்ணாகத் தெரியும். நீர்த்துப் போனதுதான் காரணம். தவிர, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். 25 டிகிரிக்குத் தானாகத் திருத்தும் வசதி கருவியில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்ககக் கரிமத்துக்கு எந்த முறை?

1934இல் வந்த வாக்லி-பிளாக் முறை இன்றும் பல ஆய்வகங்களில் நடக்கிறது. ஆனால் அதில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் வேண்டும். பின்னதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். புகைக்கூண்டும், கழிவைத் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடும் இல்லாத இடத்தில், குறிப்பாகப் பள்ளி மாணவர்களுக்கு, இந்த முறை வேண்டாம் என்பது என் கருத்து.

மாற்று, எரித்தல் இழப்பு. 105 டிகிரியில் உலர்த்திய மண்ணை மஃபிள் உலையில் (உயர்வெப்ப மின் உலை) 550 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து, குறைந்த எடையைப் பார்ப்பது. களி அதிகமான மண்ணில் கனிமத்துக்குள் இருக்கும் நீரும் வெளியேறி எண்ணைக் கூட்டிக் காட்டும். கடலோர மண்ணில் சிப்பித் தூள் இருக்கும், உலை அதைவிடச் சூடேறினால் கார்பனேட்டும் சிதையும். எனவே வெப்பநிலையில் கறாராக இருங்கள். எரித்தல் இழப்பை 1.724ஆல் வகுத்துக் கரிமம் என்று எழுதுவது பழைய வழக்கம். மட்குப் பொருளில் 58 சதவீதம் கரிமம் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது, எல்லா மண்ணுக்கும் அது பொருந்தாது. எரித்தல் இழப்பு என்றே அறிக்கையில் எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

குளத்திலோ ஆற்றிலோ எத்தனை மணிக்கு நீர் எடுக்க வேண்டும்?

கரைந்த ஆக்சிஜன் என்றால் நேரம்தான் எல்லாமே. பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் எல்லா உயிரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகலில் உச்சம், விடியலுக்குச் சற்று முன் அடிமட்டம். 25 டிகிரியில் நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். பாசி பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்தில் பிற்பகல் அளவு அதைத் தாண்டிப் போவதும், அதே குளத்தில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். காலை 9 மணிக்கு முதல் குளம், 11 மணிக்கு இரண்டாவது, 2 மணிக்கு மூன்றாவது என்று ஒரே நாளில் சுற்றி வந்து "மூன்றாம் குளம்தான் ஆரோக்கியமானது" என்று எழுதும் அறிக்கைகள் வருடந்தோறும் வருகின்றன. அவர்கள் அளந்தது குளத்தை அல்ல, சூரியனை.

ஆள் குறைவாக இருந்தால் வரிசையை நாளுக்கு நாள் மாற்றுங்கள், அல்லது குளத்துக்கு ஒருவராக ஒரே நேரத்தில் நில்லுங்கள். மின்முனைக் கருவி இல்லை என்றால் 1888இலிருந்து இருக்கும் விங்க்ளர் முறை இருக்கிறது. காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோன நீரில் அளந்து பயனில்லை.

நைட்ரேட்டுக்கு 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். நிறம் மாறும் பட்டைகள் வேறுபாடு பெரிதாக இருக்கும் இடத்தில் உதவும். சின்ன வேறுபாட்டைப் பிடிக்காது.

தொட்டியில் செடி வளர்த்து உப்பு பாய்ச்சிப் பார்க்க நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல ஆய்வு, கெடுப்பதும் எளிது. சோடியம் குளோரைடு 50 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 2.92 கிராம், 100 என்றால் 5.84 கிராம். கடல்நீரில் எல்லா உப்பும் சேர்த்துக் கிலோவுக்கு 35 கிராம் அளவில் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவு சிறியவை என்று தெரியும். இலக்கு அளவை ஒரே நாளில் ஊற்றாதீர்கள். படிப்படியாக ஏற்றினால்தான் செடியின் தாங்குதிறனை அளப்பீர்கள், இல்லாவிட்டால் அதிர்ச்சியை அளப்பீர்கள். தொட்டியின் அடியில் துளை வேண்டும். வடிகால் இல்லாத தொட்டியில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் உப்பு குவிந்துகொண்டே போகும், நீங்கள் ஊற்றியது 50ஆக இருந்தாலும் வேர் பார்ப்பது 50ஆக இருக்காது. வடியும் நீரின் கடத்துதிறனை அவ்வப்போது அளந்தால் இது தெரிந்துவிடும்.

தொட்டிகளை வகைவாரியாக அடுக்காதீர்கள். ஜன்னலோர வரிசை முழுவதும் உப்பு பாய்ச்சாத கட்டுப்பாட்டுத் தொட்டிகள், உள்வரிசை முழுவதும் உப்புத் தொட்டிகள் என்று வைத்தால், உப்பையும் வெளிச்சத்தையும் பிரிக்கவே முடியாது. சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள், வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரு தொட்டியில் மூன்று செடி இருந்தாலும் மறுபிரதி ஒன்றுதான்; மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் நம்பாமல் கடைசியில் வேரையும் தண்டையும் தனித்தனியாக உலர்த்தி எடைபோடுங்கள். வேர் கழுவுவதுதான் இந்த ஆய்விலேயே சலிப்பான வேலை, அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, கடற்புல் வெளி: களத்துக்குப் போகும்முன்?

ஓத அட்டவணை இல்லாமல் போகாதீர்கள். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் 50 நிமிடம் அளவுக்குப் பின்தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிகவும் இறங்கும், அந்த நாட்களில்தான் கீழ்க்கரை வரை நடக்கலாம். ஏற்றமும் அதே வேகத்தில் திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், அடிமட்டத்தைத் தொட்டதும் வெளியேறத் தொடங்குங்கள். தனியாகப் போகக்கூடாது. சேற்றில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க இறங்கும். பின்பக்கம் சாய்ந்து உடல் எடையைப் பரப்பிக்கொண்டு மெதுவாகக் காலை எடுக்க வேண்டும்.

அலையாத்தி மரத்தின் சுற்றளவை வழக்கம்போல 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கலாம். முட்டுவேர் ஊன்றி நிற்கும் ரைசோபோரா வகைகளில் அந்த உயரத்தில் வேர்தான் இருக்கும், அங்கே மிக உயரமான முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேலே அளப்பது முறை. நண்டு வளையை எண்ணினால் நண்டை எண்ணியதாகாது. ஒரு நண்டுக்கு இரண்டு வாசல் இருக்கலாம், ஒரு வளை காலியாகவும் இருக்கலாம். அதனால் அறிக்கையில் வளை அடர்த்தி என்றே எழுதுங்கள். சேற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுத்தால் குழாய்க்குள் சேறு அமுங்கும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் சேற்றின் மட்டத்தை அளந்து வித்தியாசத்தை எழுதாவிட்டால் ஆழக் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களின் மேல் நடப்பதைத் தவிருங்கள். ஒரே தடத்தில் போய் அதே தடத்தில் திரும்புங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் கட்டாயம், மற்ற நிலம் என்றால் உரிமையாளரிடம். மண்ணையோ செடியையோ நாட்டு எல்லை தாண்டி அனுப்புவது தாவரத் தடுப்புக்காப்பு விதிகளுக்குள் வரும், கேட்காமல் செய்யாதீர்கள். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், கேள்வி முடிவான அன்றே விண்ணப்பியுங்கள்.

செடி, பூச்சி, நத்தை எதையும் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரியவில்லை.

இனப் பெயர் தெரியாமலும் ஆய்வு நகரும். "நத்தை 1, நத்தை 2" என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்த படங்கள் எடுத்து, முடிந்தால் ஒரு மாதிரியைப் பாதுகாத்து வையுங்கள். பின்னால் தெரிந்தவரிடம் காட்டலாம். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூவும் காயும் இல்லாத இலைப் படத்துக்கு அது நம்பிக்கையோடு தவறான பெயர் சொல்லும்.

எந்தப் புள்ளியியல் சோதனை செய்வது?

இரண்டு குழு என்றால் டி சோதனை, அதற்கு மேல் என்றால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, இரண்டு தொடர் அளவுகள் என்றால், ஒன்று மாற மற்றது எப்படி மாறுகிறது என்று பார்க்கும் தொடர்புப்போக்கு. பெரும்பாலான மாணவர் ஆய்வுக்கு இவை போதும், ஆர் மென்பொருள் இலவசம். ஆனால் சோதனைக்கு முன்பு எல்லாப் புள்ளியையும் அப்படியே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சராசரிப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விபரீதப் புள்ளி அப்போதுதான் கண்ணில் படும். அதை நீக்குவதற்கு முன் களக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். "புட்டி மூடி திறந்திருந்தது" என்று எழுதியிருந்தால் நீக்கலாம், காரணத்தையும் எழுதலாம். எதுவும் இல்லை என்றால் அது இருக்கட்டும்.

குறிப்பேடு என்றதும் ஒன்று: களத்தில் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும். பையின் வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு.

வித்தியாசமே வரவில்லை. ஆய்வு தோல்வியா?

இல்லை. ஆனால் "வித்தியாசம் இல்லை" என்பதும் "வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு மாதிரி இல்லை" என்பதும் வேறு வேறு. சராசரியோடு நம்பக எல்லையையும் (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) கொடுங்கள். எல்லை குறுகலாக இருந்தால் முதலாவது, அகலமாக இருந்தால் இரண்டாவது. எண்ணை இழுத்துப் பிடித்து ஏதாவது ஒரு முடிவைக் கொண்டுவர மட்டும் முயலாதீர்கள். தேர்வாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

விவாதப் பகுதியில் எவ்வளவு தூரம் போகலாம்?

அளந்த பொருளைத் தாண்டாமல். வான் ஹெல்மான்ட் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ அளவுக்கு, உலர்ந்த மண்ணைப் போட்டு வில்லோ கன்று நட்டார். ஐந்து ஆண்டு வெறும் நீர் ஊற்றினார். 5 பவுண்டாக இருந்த கன்று 169 பவுண்டாக வளர்ந்தது, மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். 1648இல் வெளியான அந்த ஆய்வில் மரத்தின் பொருள் மண்ணிலிருந்து வரவில்லை என்ற முடிவு பிழையற்றது. எல்லாமே நீரிலிருந்து வந்தது என்று அவர் அடுத்த அடி வைத்ததுதான் சறுக்கல், காற்றை அவர் அளக்கவில்லை. உங்கள் அறிக்கையிலும் "எனவே" என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த அட்டவணை ஆதாரம் என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். ஆதாரம் இல்லாதவற்றை "இருக்கலாம்" என்று மாற்றுங்கள் அல்லது அடியுங்கள்.

நாலே மாதம்தான் இருக்கிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் மாதத்தில் கேள்வி, அனுமதி, ஒரு சோதனை ஓட்டம். சோதனை ஓட்டத்தை விடவே கூடாது. ஒரு மாதிரிக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்பது அதில்தான் தெரியும், நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும். அடுத்த ஒன்றரை மாதம் களமும் ஆய்வகமும். மிச்சம் முழுவதும் கணக்குக்கும் எழுத்துக்கும். செய்முறைப் பகுதியைக் களவேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள், பிறகு எழுத உட்கார்ந்தால் சல்லடை அளவுகூட ஞாபகம் இருக்காது.

எல்லாம் முடிந்தது. மிச்ச மண்ணைத் தூக்கி எறியலாமா?

மதிப்பீடு முடியும் வரை எதையும் எறியாதீர்கள். தேர்வாளர் ஓர் எண்ணைச் சந்தேகித்தால் மறுபடி அளக்க அதுதான் வழி. அதன் பிறகும் உலர்ந்த மண்ணுக்கு இடம் இருந்தால் வைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கிய நீண்டகால வயல் சோதனைகளின் மண், வைக்கோல், தானிய மாதிரிகள் புட்டிகளில் இன்றும் இருக்கின்றன. சேகரிப்பைத் தொடங்கியவர்கள் கேள்விப்பட்டேயிராத அணுகுண்டுச் சோதனைக் கதிரியக்கத் துகள்களை அந்தப் புட்டிகளில் பின்வந்தவர்கள் அளந்தார்கள். மூடி இறுக்கமான புட்டி போதும். சீட்டில் இடத்தின் ஆயத்தொலைவு, ஆழம், எடுத்த தேதி, உலர்த்திய முறை, சல்லடை அளவு ஐந்தும் இருக்கட்டும். உங்கள் பெயரை எழுத மறந்தாலும் பரவாயில்லை.